உறைகிணறு: கொல்லையில் கிணறு இறக்க நினைப்பவருக்கு

வீட்டில் கிணறு போடலாமா என்று பேச்செடுத்தால் யாரும் முதலில் கேட்பது, “எத்தனை அடியில தண்ணி வரும்?” என்றுதான். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, நீலாங்கரைப் பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக இரவெல்லாம் விழித்திருந்த பிறகு கொல்லையில் கிணறு இறக்குவது என்று முடிவெடுத்தோம். உறை, அதாவது கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சிமெண்ட் வளையம், இறக்க வந்த பெரியவர் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கை மண்ணை அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து பார்த்தார். “இந்த மண்ணு எத்தனை அடி வரைக்கும் இப்படியே போகுதுன்னு மொதல்ல பாப்போம், தம்பி” என்றார்.

கிணறு என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படித் தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது, உள்ளே இறங்கும் ஆள் உயிரோடு மேலே வருவாரா என்பது வரை எல்லாவற்றையும் மண்தான் தீர்மானிக்கிறது.

ஒரு வாளி மணலில் கிணறு

பூமிக்கு அடியில் ஆறுபோல நீரோட்டம் ஓடுகிறது, சரியான இடத்தில் வெட்டினால் அதைப் பிடித்துவிடலாம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். மணற்பாங்கான நிலத்தில் அப்படி ஓடை எதுவும் இல்லை. அங்கே என்னதான் இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு வாளியில் கட்டுமான மணலை முக்கால்வாசி நிரப்புங்கள். இரண்டு பக்கமும் திறந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றில் நாலைந்து ஓட்டை போட்டு மணலுக்குள் செருகுங்கள். குழாய்க்குள் புகுந்த மணலைக் கரண்டியால் எடுத்துவிட்டு, வாளியின் ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, மணல் குடித்துக்கொண்டே இருக்கும். குவளை குவளையாக ஊற்றிய பிறகு குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கும். இன்னும் ஊற்றினால் அந்த மட்டம் உயரும். குழாயிலிருந்து உறிஞ்சினால் இறங்கி, சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

கிணறு அவ்வளவுதான். தண்ணீர் வாளி முழுக்க, மணல்மணிகளுக்கு நடுவே இருக்கிறது. குழாய் அதைப் பார்க்கவும் எடுக்கவும் ஒரு திறப்பு. 100 லிட்டர் கொள்ளும் தொட்டியில் மணலைக் கொட்டினால் மணிகளுக்கு இடையில் 30 முதல் 40 லிட்டர் வரை வெற்றிடம் இருக்கும். நிலத்தில் அந்த வெற்றிடமெல்லாம் தண்ணீரால் நிறைந்திருக்கும் பகுதியின் மேல் எல்லையைத்தான் நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். மழை பெய்தால் அது ஏறும், கோடையிலும் மோட்டார் ஓடும்போதும் இறங்கும்.

இனி அதே வாளியில் மணலுக்குப் பதில் களிமண்ணைப் போட்டுப் பாருங்கள். களிமண்ணும் தண்ணீர் குடிக்கும், சொல்லப்போனால் மணலைவிட அதிகமாகவே குடிக்கும். ஆனால் திருப்பித் தராது. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. நடுவிலுள்ள இடைவெளிகளும் அப்படியே. தண்ணீர் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஈரமான களிமண்ணில் எவ்வளவு பெரிய குழி வெட்டினாலும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் ஊறினால் பெரிது. ஈரம் தெரிகிறது, ஆகவே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது களிமண்ணிடம்தான்.

மூன்றாவது பாறை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறைதான். மதுரை, சேலம், கோவை, தருமபுரி என்று உள்மாவட்டங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே பாறை வந்துவிடும். அங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பகுதியிலும்தான் இருக்கும். வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் குழி. அந்த நிலத்தில் கிணறு வெட்ட வெடிமருந்தும் பழகிய ஆட்களும் வேண்டும். வீட்டில் நாமே முயன்று பார்க்கக்கூடிய வேலை அல்ல அது. இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் கடலோர மணல், ஆற்றுப் படுகை, காவிரி டெல்டா போன்ற வண்டல் நிலங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

தேங்காயும் வேப்பங்குச்சியும்

எங்கள் தெருவில் ஒருவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து தண்ணீர் பார்ப்பவரை அழைத்துவரச் சொன்னார். கவைக்குச்சி பிடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. மணல் நிலத்தில் அவர்கள் காட்டிய இடத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும். அவர்கள் காட்டாத இடத்திலும் வரும், ஏனென்றால் வாளி மணலைப் போலத் தண்ணீர் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கிறது. அந்தப் பணத்தை மிச்சம்பிடித்து, அக்கம்பக்கத்தில் கிணறு உள்ள நாலு வீடுகளின் கதவைத் தட்டுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினால் மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். “வைகாசியில எவ்வளவு எறங்கும்? தண்ணி உப்பா, நல்லதா?” என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். எந்தக் கருவியும் சொல்லாத விவரம் அவரிடம் இருக்கும்.

அதன் பிறகு உங்கள் கொல்லையிலேயே ஒரு சோதனைத் துளை. மரக்கன்று நடக் குழி போடும் கைத்துளைப்பான் வாடகைக்குக் கிடைக்கும். 4 அங்குல அகலம் போதும். ஒரு அடி இறங்கும்போதெல்லாம் வரும் மண்ணை எடுத்து, ஒரு பலகையில் வரிசையாக வைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு குவியலையும் ஈரப்படுத்தி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பாம்புபோலத் திரண்டு வந்தால் களி. உதிர்ந்துபோனால் மணல். திரண்டும் விரிசல் விட்டால் இரண்டும் கலந்த மண். எங்கள் துளையில் 9 அடி வரை உலர்ந்த மணல், அப்புறம் ஒரு அடிக்குக் கிளிஞ்சல் கலந்த மணல், 11 அடியில் தண்ணீர். துளைப்பானை அதற்குக் கீழே செலுத்த முடியவில்லை, ஈர மணல் சரிந்து துளையை மூடிக்கொண்டே இருந்தது. அந்தச் சரிவுதான் அடுத்த பாடம்.

இந்தச் சோதனையைச் சித்திரை வைகாசியில் செய்யுங்கள், கிணற்றையும் அப்போதே இறக்குங்கள். மழை முடிந்த தை மாதத்தில் தோண்டினால் ஆறேழு அடியிலேயே தண்ணீர் வந்து மனம் நிறைந்துவிடும். அடுத்த கோடையில் அதே கிணற்றின் அடிமணல் வெயிலில் காயும்.

எங்கே தோண்டக் கூடாது

செப்டிக் டேங்க்கிலிருந்தும் அதன் உறிஞ்சு குழியிலிருந்தும் குறைந்தது 50 அடி, அதாவது 15 மீட்டர், தள்ளித்தான் கிணறு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க்கும் இந்தக் கணக்கில் உண்டு, நிலத்துக்கு அடியில் சுற்றுச்சுவர் கிடையாதே. மணல் தண்ணீரை வடிகட்டும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தூரமும் நாளும் வேண்டும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, மனையில் இந்தத் தூரம் கிடைக்காது. அப்படிப்பட்ட மனையில் கிணறு போட்டால் அந்தத் தண்ணீர் செடிக்கும் கழுவுவதற்கும் மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் மதிலிலிருந்தும் 10 அடியாவது விலகுங்கள். ஏன் என்பதை எங்கள் மதிலை வைத்துப் பின்னால் சொல்கிறேன்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கிணறு தோண்ட 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், குடிநீர் வாரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். பிற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

உறை ஏன்?

மணலில் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். இடுப்பளவு போவதற்குள் ஓரம் சரிந்து வாய் அகன்றுவிடும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் வாயை இன்னும் அகலமாக்க வேண்டும், 15 அடி ஆழத்துக்குக் கொல்லை முழுக்கப் பள்ளமாகிவிடும். இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட வழி எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. குழியை வெட்டிவிட்டுச் சுவர் கட்டாமல், சுவரை முதலில் தரையில் வைத்துவிட்டு, அதற்குள் உட்கார்ந்து மண்ணை அள்ளினார்கள். அள்ள அள்ள, அந்த வட்டச்சுவர் தன் கனத்தாலேயே கீழே இறங்குகிறது. அதன் மேல் அடுத்த உறையை வைக்கிறார்கள். மீண்டும் அள்ளுகிறார்கள். கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணறுகளும் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கண்டவையும் இதே முறையின் மிச்சங்கள்தான். சுடுமண் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் வந்திருக்கிறது, வேலை மாறவில்லை.

வீட்டுக்கு 3 அடி உள்விட்டமுள்ள உறை போதும். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து மண் அள்ளும் அளவு அது. இதில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 200 லிட்டர். 4 அடி உறை என்றால் சுமார் 355 லிட்டர். கோடையிலும் 6 அடி தண்ணீர் நின்றால் 3 அடிக் கிணற்றில் எந்நேரமும் 1,200 லிட்டர் கையிருப்பு, அதுவும் எடுக்க எடுக்க ஊறும். 2 அங்குலப் பருமனும் ஒரு அடி உயரமும் உள்ள 3 அடி உறை 110 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். இரண்டு பேர் உருட்டலாம், தூக்கக் கூடாது. வாங்கும்போது ஒவ்வொன்றையும் சாவியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கிறது. குறைந்தது 15 நாள் தண்ணீர் ஊற்றிப் பதமாக்கிய உறையா என்றும் கேளுங்கள்.

இறக்குவது

முதலில் முழங்கால் ஆழத்துக்கு வட்டமாக ஒரு பள்ளம். அடியை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து முதல் உறையை வைக்கிறோம். இந்த ஒரு உறைக்கு ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தகும். இது சாய்ந்தால் மேலே வரும் 17 உறைகளும் சாயும். அடுத்த இரண்டு உறைகளையும் மேலே அடுக்கி, மூன்றையும் இரும்புப் பட்டையால் வெளிப்பக்கமாகப் பிணைத்துவிட்டால் நடுவில் பிரிந்து நிற்காது.

உள்ளே இருப்பவர் நடுவில் மண்ணை எடுத்துவிட்டு, உறையின் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் ஒரே அளவாகச் சுரண்டிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் அந்தப் பக்கம் உட்காரும். உட்கார்ந்துவிட்டால், உயர்ந்து நிற்கும் எதிர்ப்பக்கத்தில் சுரண்டி நேராக்க வேண்டும். தூக்குக்குண்டு எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கட்டும். முதல் 5 அடிக்குள் சாய்வைச் சரிசெய்வது எளிது. 10 அடிக்குக் கீழே போனபின் மண் நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. சில இடங்களில் உறை இறங்காமல் அடம்பிடிக்கும். மேலே மணல் மூட்டை அடுக்கி, வெளிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் நழுவி இறங்கும். அடியில் அதிகமாகத் தோண்டிவிட்டுக் காத்திருப்பது தவறு, சட்டென்று விழும்போது கால் அகப்பட்டுக்கொள்ளும்.

மேலே கப்பி கட்டிய முக்காலி, தடித்த கயிறு, இரும்பு வாளி. மேலே இரண்டு பேர் இல்லாமல் ஒருவர் உள்ளே இறங்கவே கூடாது. அள்ளிய மண்ணைக் கிணற்றின் வாயிலிருந்து 6 அடியாவது தள்ளிக் கொட்டுங்கள்.

உயிர் போகும் மூன்று இடங்கள்

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, சரிவு. ஒரு கன அடி ஈர மணல் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மார்பளவு புதைந்தாலே மூச்சு விட்டபின் மறுபடி இழுக்க நெஞ்சு விரியாது. ஆகவே உறை இல்லாத குழிக்குள் இடுப்புக்கு மேல் ஆழத்தில் யாரும் நிற்கக் கூடாது. மண் கெட்டியாகத் தெரிந்தாலும் கூடாது. உறை முன்னே போக வேண்டும், ஆள் அதற்குள்ளே மட்டும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. கிணற்றின் அடியில் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது. எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பாதி உண்மை: விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது நிச்சயம், ஆனால் அணையவில்லை என்பதற்காக இறங்கலாம் என்றாகிவிடாது. எரியும் வாயு இருந்தால் அந்த விளக்கே ஆபத்து. காலையில் முதலில் இறங்குவதற்கு முன் ஊதுவிசிறியின் குழாயை அடிவரை விட்டு அரை மணி நேரமாவது காற்றை மாற்றுங்கள், ஆள் உள்ளே இருக்கும்வரை அது ஓடட்டும். டீசல், பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளோ வாயோரத்திலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது, ஆளை அணைத்துவிடும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் செத்துப்போகிறார்கள். ஆண்டுதோறும் செய்தித்தாளில் இதைத்தான் படிக்கிறோம். இறங்குபவரின் உடலில் கட்டிய கயிற்றை மேலே இருப்பவர் கையில் வைத்திருந்தால், குதிக்காமலே இழுக்கலாம். தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112.

மூன்றாவது, மின்சாரம். தண்ணீரில் ஆள் நிற்கும்போது மின்மோட்டார் அதே தண்ணீரில் ஓடக் கூடாது. மோட்டார் ஓடும்போது ஆள் மேலே, ஆள் இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி அந்த இணைப்பில் கட்டாயம் இருக்கட்டும்.

இதையெல்லாம் படித்தபின் தயக்கம் வந்தால் அது நல்ல தயக்கம். நான் செய்ததைச் சொல்கிறேன். இடம் தேர்வு, சோதனைத் துளை, உறை வாங்குவது, மேலிருந்து வாளி இழுப்பது, தூக்குக்குண்டு பார்ப்பது, அடியில் ஜல்லி, மேலே கைப்பிடிச்சுவர் எல்லாம் நானும் என் தம்பியும். உள்ளே உட்கார்ந்து உறை இறக்கியது முப்பது வருடம் அதையே செய்த அந்தப் பெரியவர். இந்தப் பங்கீட்டைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஆளே இறங்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குக் கைபோர் இருக்கிறது: மேலே நின்றபடியே குழாயைத் தூக்கித் தூக்கிப் போட்டு, மணலைத் தண்ணீரோடு வெளியேற்றி இறக்குவது. டெல்டாவில் ஃபில்டர் பாயிண்ட் என்று போடுவதும் இதே போன்ற குழாய்க் கிணறுதான். பாதுகாப்பானது, விரைவானது. ஆனால் கடலோரத்தில் நான் ஏன் உறைகிணற்றையே விரும்புகிறேன் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

தண்ணீர் கண்டபின்

11-ஆவது அடியில் மணல் கருத்து, வாளியில் சேறாக வந்தது. உறைக்குள் பாதத்தளவு தண்ணீர் தேங்கியதும் அம்மா கற்பூரம் ஏற்றினார். உண்மையில் கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மறுநாள் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வேகமாக முடிக்கலாம் என்று, தூரத்தில் வைத்த பெரிய மோட்டாரால் உள்ளேயிருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டோம். பெரியவர் அன்றைக்கு வரவில்லை. சற்று நேரத்தில் அடியிலிருந்து மணல் கொதிக்கும் கஞ்சிபோலக் குமிழிட்டு மேலே வந்தது, இரண்டு அடி தோண்டியது மூடிக்கொண்டது. கிணற்றுக்குள் வந்த மணல் எங்கிருந்தோ போயிருக்க வேண்டுமே. பக்கத்திலிருந்த எங்கள் மதிலுக்கு அடியிலிருந்துதான் போயிருந்தது, மதிலில் விரல் நுழையும் அளவு விரிசல். காரணம் எளியது. உறைக்கு வெளியே தண்ணீர் மட்டம் உயரத்தில், உள்ளே தாழ்வாக. அந்த வித்தியாசத்தின் அழுத்தத்தில் தண்ணீர் அடிவழியாக மேல்நோக்கிப் பாய்கிறது, மணலையும் தூக்கிக்கொண்டு வருகிறது.

பெரியவர் வந்து பார்த்துவிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. கிணற்றுக்குள் தண்ணீரை மறுபடி ஊற்றச் சொன்னார். உள்ளும் புறமும் மட்டம் சமமானதும் மணல் அடங்கியது. அதற்குப் பிறகு தண்ணீரை இறைக்காமல், நீண்ட கழியில் கட்டிய அள்ளுவாளியால் தண்ணீருக்கு அடியிலிருந்தே மணலை எடுத்தோம். மெதுவான வேலை, ஒரு நாளைக்கு ஒன்றரை உறை. ஆனால் மதில் அதன் பிறகு அசையவில்லை.

கோடை மட்டத்துக்குக் கீழே 6 அடி, முடிந்தால் 7 அடி போய் நிறுத்தினால் போதும். எங்களுடையது 18 அடியில் நின்றது. அடியில் ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடுக்காகப் போட்டோம்: கீழே பருமணல், அதன் மேல் சிறு ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் முக்கால் அங்குல ஜல்லி. வரிசை மாறிவிடக் கூடாது. மெல்லிய மணல் பருமணலின் இடுக்கில் புக முடியாது, பருமணல் சிறு ஜல்லியின் இடுக்கில் புகாது, இப்படி ஒவ்வொன்றும் கீழுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் மேலே வரும்.

கீழுள்ள உறைகளின் இணைப்புகளைப் பூசாமல் விட்டுவிட வேண்டும், பக்கவாட்டு ஊற்று அந்த வழியாகவும் வரும். மேலே உள்ள 10 அடிக்கு இணைப்புகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் பிசைந்த களிமண்ணைத் திணியுங்கள். கிணற்றடியில் கொட்டும் அழுக்குத் தண்ணீர் உறையை ஒட்டியே வழிந்து உள்ளே போவதுதான் வீட்டுக் கிணறுகள் கெடுவதற்கு நான் பார்த்த முதல் காரணம். 3 அடிக் கைப்பிடிச்சுவர், சுற்றிலும் வெளிநோக்கிச் சரிந்த சிமெண்ட் தளம், பூட்டக்கூடிய இரும்பு மூடி, அதன் அடியில் கொசுவலை. கொசுவலையை விட்டுவிடாதீர்கள், சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடியும் குழந்தைகளுக்காக. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயனில்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையை நினைத்துக்கொண்டால், மூடி வரும்வரை ஒரு இரவுகூடக் கிணற்றைத் திறந்து வைக்க மனம் வராது.

குடிக்கலாமா?

உடனே கூடாது. புதுக் கிணற்றில் எத்தனை பேருடைய கையும் காலும் பட்டிருக்கும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் மருந்து வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள், செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். இது ஒரு தடவைக்கான பலத்த அளவு. பின்னாளில் வழக்கமாகப் போட 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும்.

அதற்குப் பிறகு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில், மலத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். அது உப்பை மட்டுமே அளக்கும். கிருமி அதற்குத் தெரியாது. நைட்ரேட்டும் கிருமியும் சேர்ந்து வந்தால் பக்கத்தில் எங்கோ கழிவுநீர் கசிகிறது என்று பொருள், காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

மோட்டாரைப் பற்றி ஒன்றே ஒன்று. தரைமேல் வைக்கும் சாதாரண மோட்டார் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதற்கு எல்லை உண்டு, நடைமுறையில் 25 அடி. கோடையில் மட்டம் அதற்கு மேலேயே நிற்குமென்றால் அதுவே போதும், விலை கூடிய மோட்டார் தேவையில்லை.

கடல் காத்துக்கொண்டிருக்கிறது

இப்போது, ஏன் ஆழம் குறைந்த உறைகிணறு என்பதற்கு வருகிறேன். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. இந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது. டச்சுப் பொறியாளர் பாடன் கைபென் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க் 1901-இலும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும்.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட முடியாது, திருப்பிப் படியுங்கள். நாம் இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், நாளடைவில் அடியில் உப்புநீர் 40 அடி ஏறி வரும். அதுவும் மோட்டாருக்கு நேர் கீழே கூம்புபோல எழும்பும். 100 அடிக்குக் குழாய் இறக்கி ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பும் வீட்டில்தான் முதலில் உப்பு வரும். அகலமான, ஆழமில்லாத கிணறு மேல்தோல் தண்ணீரை மெதுவாக எடுக்கிறது. நாங்கள் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் மட்டும் மோட்டார் போடுகிறோம். தெருவில் ஒரு வீடு அளவில்லாமல் இறைத்தாலும் எல்லோர் கிணறும் உப்பாகும், மணலுக்கு அடியில் இருப்பது ஒரே வாளி.

எடுப்பதைத் திருப்பிக் கொடுக்க வழி மொட்டைமாடியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, சென்னையில் அப்போது கிணறுகளின் மட்டம் ஏறியதைப் பழைய வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது 1,30,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும் போக ஒரு லட்சம் லிட்டராவது மிஞ்சும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள கசிவுக் குழியில் இறக்குகிறோம். நேராகக் கிணற்றுக்குள் விடலாம் என்பவர்களும் உண்டு. குடிக்கும் கிணறு என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை, மாடியில் காக்கை எச்சமும் இலையும் கிடக்கின்றன.

எங்கள் கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் ஒரு ஆணியில் முடிச்சுப் போட்ட கயிறு தொங்குகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு. தமிழ் மாதம் பிறக்கும் நாளில் அம்மா அதை இறக்கிப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று சமையலறை நாள்காட்டியில் எழுதிவிடுவார். போன ஆனியில் 12. ஐப்பசி மழைக்குப் பிறகு 6.